சிப்பிப்பாறை வாங்குவதற்கு முன்னால் வேலியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டு நாய் வளர்ப்பு பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் "நாட்டு நாய்க்குப் பராமரிப்பே தேவையில்லை, நோய் அண்டாது, மிஞ்சுகிற சோற்றைப் போட்டால் போதும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசக்காட்டு ஊரில், மாமனாரின் அப்பா காலத்திலிருந்தே சிப்பிப்பாறை நாய் வளர்க்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வந்த புதிதில் நாயைக் கண்டாலே பயம். இப்போது இருக்கிற இரண்டுக்கும் சோறு வைப்பது, ஓடவிடுவது, ஊசி போடக் கொண்டுபோவது எல்லாம் என் பாடு. அந்த உரிமையில் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வரியை நம்பித்தான் ஆட்கள் கார் பிடித்து வந்து இறங்குகிறார்கள். 2005-ல் தபால் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது எங்கள் பக்கம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம்தான் நாட்டு மாடு, நாட்டுக்கோழி, நாட்டு நாய் என்று எல்லாருக்கும் ஒரு ஆர்வம் வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசவும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குட்டி கேட்டு ஆள் வர ஆரம்பித்தார்கள். இனம் பிழைத்துக் கிடப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வருகிறவர்கள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்: ஒரிஜினலா, என்ன விலை, எவ்வளவு உயரம் வளரும், கடிக்குமா. "இது தினமும் எங்கே ஓடும்?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நாங்கள் திருப்பிக் கேட்டால், மூன்றாவது மாடியில் வீடு, மொட்டைமாடி இருக்கிறது என்கிறார்கள்.

இந்த நாய் எதற்காக உண்டானது என்று தெரிந்தால் மொட்டைமாடி என்கிற பேச்சே வராது. சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற ஒரு ஊர். அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் வரைக்கும் கம்பும் சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிக் கரிசல். அறுவடை முடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பே கிடையாது. அந்த வெட்டவெளியில் முயலைக் கண்ணால் பார்த்து, துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த நாய் இது. மோப்பம் பிடித்துப் போகிற நாய்கள் வேறு வகை. இதற்குக் கண்தான் எல்லாம். நீண்ட கால், இறங்கின நெஞ்சுக்கூடு, ஒட்டின வயிறு, வளைகிற முதுகு எல்லாமே வேகத்துக்கு. கன்னியும் இதே குடும்பம்தான், கறுப்பு உடம்பில் செவலைப் புள்ளியோடு இருக்கும். ராஜபாளையமும் கோம்பையும் வேறு. அவை கனத்த உடம்பு, காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வைத்திருந்தவை. இருந்தாலும் என் நாயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் "ராஜபாளையமா?" என்றுதான் கேட்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அடுத்த கேள்வி. "சோறு போடறதில்லையா?" போன வருஷம் முன்பின் தெரியாத ஒருவர் என் நாயைப் படமெடுத்து, பட்டினி போட்டுக் கொடுமைப்படுத்துகிறேன் என்று எங்கேயோ புகாரே கொடுத்துவிட்டார். விசாரிக்க வந்தவர்களுக்கு உட்கார வைத்துக் காபி கொடுத்து, நாய் தின்கிறதைக் காட்டி அனுப்பினேன். ஐயா, இந்த இனத்துக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும் இடுப்பெலும்பின் முனையும் தெரிந்தால்தான் அது சரியான உடம்பு. பார்க்க வேண்டிய இடம் தொடை. தொடைச் சதை கெட்டியாக இருக்கிறதா, முடி பளபளக்கிறதா, சுறுசுறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். முதுகுத் தண்டு முண்டு முண்டாகத் துருத்திக்கொண்டு தொடை வற்றிப்போயிருந்தால் அது நிஜமாகவே பட்டினி, அல்லது குடற்புழு, அல்லது வேறு நோய். ஊராருக்குப் பயந்துகொண்டு லாப்ரடார் மாதிரி உருட்டிவிட்டால் அந்த மெல்லிய கால் மூட்டுகள் தாங்காது.

கொழுப்பு இல்லாததால் வேறு சில சங்கதிகளும் உண்டு. மார்கழிப் பனியில் நடுங்கிவிடும். வெறும் சிமெண்ட் தரையில் படுக்க விட்டால் முழங்கை காய்த்து, தோல் தடித்து, பிறகு புண்ணாகும். பழைய சாக்கை இரண்டாக மடித்துப் போட்டாலே போதும். இன்னொன்றும் இருக்கிறது, இதை வளர்க்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது: அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது இது வேட்டை ஓட்ட இனம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரேஹவுண்ட் மாதிரியான ஓட்ட நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற சில பழைய மயக்க மருந்துகள் உடம்பிலிருந்து இறங்க ரொம்ப நேரம் பிடிக்கும். மற்ற நாய் அரை மணியில் எழுந்தால் இது பல மணி நேரம் தள்ளாடும். கருத்தடைக்காக எங்கள் பெட்டையைக் கொண்டுபோன இடத்தில் நான் சொன்னதும், அங்கிருந்த இளம் டாக்டர் அம்மா மருந்தை மாற்றித்தான் கொடுத்தார். அதே மாதிரி ஓட்ட நாய்களுக்கு ரத்தத்தில் தைராய்டு அளவு இயல்பாகவே குறைவாகக் காட்டும். ஒரு சோதனைச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஆயுசுக்கும் மாத்திரை என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். "அந்தக் காலத்தில் கம்பங்கூழும் மோரும்தானே ஊற்றினார்கள்" என்பார்கள். உண்மைதான், ஊற்றினார்கள். ஆனால் கூழைக் குடித்த அதே நாய் வரப்பில் எலி பிடித்துத் தின்றது, வேட்டைக்குப் போன நாளில் பங்குக் கறி தின்றது, ஆட்டுக்கிடையில் பால் நக்கியது. இன்றைக்கு அதெல்லாம் இல்லாமல் தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்தால் எங்கிருந்து சதை பிடிக்கும்? எங்கள் வீட்டில் காலையில் கம்போ கேப்பையோ கூழாகக் காய்ச்சி மோர் விட்டு ஒரு வேளை, சாயங்காலம் சோற்றோடு கோழி ஈரல், தலை, கால், முட்டை, சில நாள் மீன். கோழிக்கடையில் சொல்லிவைத்தால் நாய்க்கென்று எடுத்துவைப்பார்கள், பெரிய செலவில்லை. வேகவைத்த எலும்பு கூடாது, அது சிம்புச் சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் போட்ட குழம்பு கூடாது. வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், நம் வீட்டுக் குழம்பில் வெங்காயம் இல்லாமல் எது இருக்கிறது சொல்லுங்கள், அதனால்தான் மிஞ்சினதைப் போடு என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. தின்றவுடனே ஓடவிடவும் கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றில் உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும். வயிறு தம்மென்று இருந்து, வாந்தியெடுக்க ஓங்கரித்தும் ஒன்றும் வராமல் நாய் நிலைகொள்ளாமல் அலைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

இப்போது ஓட்டம். கயிற்றில் கட்டித் தெருவில் நடத்திக்கொண்டு போவது இதற்குக் காணாது. முழு வேகத்தில், கட்டு இல்லாமல், வட்டமடித்து ஓட ஒரு அடைப்பான இடம் தினமும் வேண்டும். நெடுநேரம் தேவையில்லை. நன்றாக ஓடி முடித்த சிப்பிப்பாறை அன்று முழுக்க வீட்டு மூலையில் சுருண்டு கிடக்கும், இருக்கிற இடமே தெரியாது. ஓடாத நாய்தான் கதவைப் பிராண்டும், செருப்பைக் கடிக்கும், ராத்திரியில் ஊளையிடும். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஓடவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கு மேல் நான் கேட்டைத் திறக்கவே மாட்டேன். அடைப்பு வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூரத்தில் ஏதோ ஒன்று அசைந்து இது கண்ணால் பிடித்துவிட்டால், அப்புறம் நீங்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் காதில் விழாது. ரோடு குறுக்கே வருகிறதா, கிணறு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. சாதாரண கழுத்துப் பெல்ட்டும் உதவாது. இதன் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன், பின்னால் ஒரு இழு இழுத்தால் பெல்ட் நம் கையில் இருக்கும், நாய் அங்கே இருக்காது. இழுத்தால் அளவோடு இறுகிக்கொள்கிற அகலமான பெல்ட் என்று கேட்டு வாங்க வேண்டும், அல்லது நெஞ்சோடு சேர்த்து மாட்டுகிற வாரு. மதிலும் நெஞ்சு உயரம் இருந்தால் பத்தாது. ஆள் உயரச் சுவரையே தாவுகிற நாய்கள் இவை.

தாவிப் போனால் என்ன ஆகும்? முதலில் பக்கத்து வீட்டுக் கோழி. "ஏ தாயி, ஒங்க வீட்டு நாயி முட்டையிடுத கோழியப் புடிச்சிட்டுல்லா" என்று ஆச்சி வாசலில் வந்து நிற்பார், எங்கள் அத்தை மறுபேச்சில்லாமல் காசை எடுத்துக் கொடுப்பார். அது வீட்டுக்குள் முடிகிற வழக்கு. ஆனால் இப்போது எங்கள் காடு முழுக்க மயில். மயில் தேசியப் பறவை, சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டு முயலும் காப்பில் இருப்பதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாயை விட்டுப் பிடிப்பதையும் வேட்டை என்றுதான் சொல்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமான் சரணாலயமே இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் இந்த நாயை அவிழ்த்துவிட்டுவிட்டுத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இதில் எங்கள் ஊர்ப் பையன்கள் சிலருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. முயலைத் துரத்துகிற வீடியோவைப் போட்டு "எங்க பாரம்பரியம்" என்று எழுதுகிறீர்களே தம்பிகளா, உங்கள் தாத்தா காலத்தில் இந்தக் கரிசலில் இருந்த முயல் இப்போது எத்தனை இருக்கிறது? என் மாமனார் இளவட்டத்தில் வேட்டைக்குப் போனவர்தான், அந்தக் கதைகளை ராத்திரி பூராவும் சொல்வார், எனக்கும் கேட்கப் பிடிக்கும். ஆனால் அவரே இப்போது யாராவது நாயைக் கேட்டு வந்தால் "எதுக்கு, மொயலுக்கா? அப்பன்னா கெளம்பு" என்று அனுப்பிவிடுகிறார். நாய்க்குத் தேவை துரத்துவது. என்னத்தைத் துரத்துகிறோம் என்பதைப் பற்றி அதற்குப் பெரிய கவலை கிடையாது. நீளமான மூங்கில் கம்பு நுனியில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் கிழிந்த துணியையோ பிளாஸ்டிக் பையையோ கட்டித் தரையோடு சுழற்றிப் பாருங்கள், பாய்ந்து திரும்பி மறித்துப் பிடிக்கும், முயலுக்கு என்னென்ன செய்யுமோ அத்தனையும் அந்தப் பைக்கும் செய்யும். வெளிநாடுகளில் இதையே மோட்டாரும் கப்பியும் வைத்துப் போட்டியாக நடத்துகிறார்கள். நம் ஊர் நாய்க் கண்காட்சிகளில் உயரமும் நிறமும் பார்த்துக் கோப்பை கொடுப்பதற்குப் பதிலாக இப்படி ஒரு ஓட்டம் வைத்தால் எந்த நாய் எதற்கு லாயக்கு என்று அங்கேயே தெரிந்துபோகும்.

சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன். இது ஓயாமல் குரைக்கிற நாயில்லை. வீட்டில் ஒருவரிடம்தான் முழுசாக ஒட்டும், மற்றவர்களை மரியாதையோடு சகித்துக்கொள்ளும். அடித்துப் பழக்க முடியாது. ஒரு அதட்டல் அதிகமாகப் போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்ளும், அன்றைக்கு நீங்கள் அதற்கு ஆளே இல்லை. சமாதானம் செய்யப் போகிற வேலை உங்களுடையது. இந்த ரோஷக்கார ஜென்மத்தைக் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் செயினில் கட்டிப்போட்டு, போகிற வருகிறவர் எல்லாம் கல்லெறிந்தால் அது கடிக்காமல் என்ன செய்யும்? பிறகு "நாட்டு நாய் முரடு" என்று பெயர். எங்கள் வீட்டில் இருக்கிற இரண்டில் ஒன்று, சிட்டு, அப்படிக் கட்டிப்போட்டு அலுத்துப்போன யாரோ நாற்கர ரோட்டில் இறக்கிவிட்டுப் போனதுதான். கழுத்தைச் சுற்றிச் செயின் அறுத்த தழும்பில் இன்றும் முடி முளைக்கவில்லை. நல்ல சாம்பல் நிறம், குறை சொல்ல முடியாத கட்டு. வாங்கியபோது ஆயிரக்கணக்கில் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள்.

நோய் அண்டாது என்ற பேச்சுக்கு என்ன ஆதாரமோ தெரியவில்லை. பார்வோ என்கிற ரத்தக் கழிச்சல் வந்தால் குட்டி நாட்டுக் குட்டியா சீமைக் குட்டியா என்று பார்ப்பதில்லை, ஒரு ஈற்றையே நாலைந்து நாளில் வாரிக்கொண்டு போய்விடும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வார இடைவெளியில் நாலு மாதம் ஆகும்வரை அடுத்தடுத்த ஊசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு வருஷா வருஷம். இதில் ஒன்றையும் தள்ளிப்போட முடியாது. ஆடு மாடு இருக்கிற ஊரில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. தினமும் காது மடல், விரலிடுக்கு, வாலடி என்று கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். முந்தின நாள் வரை பறந்த நாய் திடீரென்று சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். எங்களுக்கு நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய ஆறுதல்.

விற்கிறவர்கள் மேலும் குற்றம் இருக்கிறது, எங்கள் பக்கத்து ஆட்கள் என்பதற்காக மறைக்க முடியாது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்கிறவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நடப்பது என்ன? கண் திறந்து பத்து நாள் ஆன குட்டியை அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு ராத்திரி பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டிய வயதில் பிரித்த குட்டிக்குக் கடிக்கிற அளவு தெரியாது, எதைக் கண்டாலும் மிரளும். பேர் வாங்கின ஒரே கடுவனை அதன் மகளுக்கும் பேத்திக்குமே சேர்க்கிற கொடுமையும் நடக்கிறது. கிரேஹவுண்ட் கலந்த குட்டியும் சிப்பிப்பாறை என்ற பெயரில்தான் போகிறது. வாங்குகிறவர்கள் தாயை நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தாய் எப்படி இருக்கிறது, எங்கே கட்டியிருக்கிறார்கள், ஆளைக் கண்டால் வாலாட்டுகிறதா ஒடுங்குகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

உங்கள் பத்திரிகையிடம் கேட்பது, அடுத்த முறை நாட்டு நாய் பற்றி எழுதினால் ஒரு கால்நடை மருத்துவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், அழகுப் படத்தோடு தடுப்பூசி அட்டவணையையும் போடுங்கள். நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் உங்கள் மூலமாக ஒன்று. நாய்ப் பூங்கா கட்டுங்கள், ஊஞ்சல் வையுங்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் சுற்றுச்சுவரோ கம்பிவேலியோ போட்டு வாரச்சந்தைக்கு மட்டும் திறக்கிற மைதானங்கள் மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அதில் ஒன்றைத் திறந்துவிட்டு, தடுப்பூசிச் சீட்டைக் காட்டுகிறவர்களை மட்டும் உள்ளே விடலாம். கழிவை அவரவர் அள்ள வேண்டும், அள்ளாதவருக்கு அபராதம் போடுங்கள், முதல் ஆளாகக் கட்டத் தயார். எங்கள் ஊர் மைதானத்துக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். யாரிடம் மனு கொடுப்பது என்று உங்கள் செய்தியாளராவது கேட்டுச் சொன்னால் நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி